சட்டப்படி ஒரு வாட்ச்மேன்

வாட்ச்மேன் தூங்கும் படம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது நடேசன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுக்குப் பக்கத்தில், புங்கமர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு காக்கிச் சட்டை. பின்னால் சாய்ந்த தலை, திறந்த வாய். கீழே மூன்றாவது மாடி கிஷோர் எழுதியிருந்தான்: 'ஹாரன் அடிச்சும் எழுந்திரிக்கல. நானே இறங்கி கேட்டைத் திறந்தேன். செயலாளர் கவனிப்பாரா?'

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குடியிருப்புக்கு நடேசன் செயலாளர் ஆனது தேர்தலில் ஜெயித்து அல்ல. பொதுக்குழுவில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டபோது அவர் மட்டும் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். பயந்த சுபாவம். கோர்ட் படியையும் போலீஸ் ஸ்டேஷன் படியையும் மிதிக்காமல் ரிட்டயர் ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை கிடையாது.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கீழே போனார். ஆள் விழித்திருந்தார்.

"என்னங்க இது, கேட்டுகிட்ட உக்காந்து தூங்கறீங்க?"

"காத்து ஜிலுஜிலுன்னு வந்துச்சு சார். கண்ணு சொக்கிகிச்சு" என்றார் அவர், குற்ற உணர்ச்சியின் சுவடே இல்லாமல்.

"ஹாரன் கூடவா கேக்கல?"

"கேட்டுச்சு. சின்னப் பையன்தானே, இறங்கித் தொறக்கட்டும்னு உட்டுட்டேன்."

நடேசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற கோபம். "நாளையிலேர்ந்து உங்கள இந்த நாற்காலியில பார்க்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

"இன்னா சார் இது, உக்கார்றதுக்குக் கூடவா?" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நடேசன் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டார். கோபம் தீர்வதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டுமே.

லிஃப்ட் வாசலில் வர்ஷா நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது மாடி. தொழிலாளர் சட்ட வக்கீல். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து முதலாளிகள் பாதிப் பேர் இவளைக் கேட்காமல் ஒரு ஆளை வேலையை விட்டு நிறுத்துவதில்லை. கேட்ட பிறகும் நிறுத்துவதில்லை, பயந்துபோய் விட்டுவிடுவார்கள்.

"அங்கிள், இப்ப வாட்ச்மேனை வாயால வேலைய விட்டு நிறுத்தினீங்களா?"

"ஆமாம்மா. சும்மா மிரட்டினேன்."

"மிரட்டல் இல்ல அங்கிள், சட்டவிரோதப் பணிநீக்கம். நோட்டீஸ் இல்ல, விசாரணை இல்ல. அவர் லேபர் ஆபீஸ்ல ஒரு மனு போட்டா, முதல் எதிர்மனுதாரர் யாரு தெரியுமா? செயலாளர்."

நடேசன் லிஃப்ட் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "அவர் ஏஜென்சி ஆளும்மா. நமக்கென்ன?"

"ஏஜென்சிங்கறது பேருக்கு. யார் வேலை வாங்கறாங்களோ அவங்க தலையிலதான் கடைசியில விடியும்."

நடேசன் அங்கேயே நின்று ஏஜென்சிக்குப் போன் போட்டார். எப்போதும் எடுக்காத அந்த ஏஜென்சிக்காரர் அன்றைக்கென்று எடுத்தார். வாட்ச்மேன் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் குரல் தேனாகிவிட்டது.

"சார், ஆள் சரியில்லன்னா நீங்களே பார்த்து முடிச்சிடுங்க சார். நீங்களே நேரா வேலைக்கு வச்சுக்கிட்டாலும் எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. இந்த மாச பில்லை மட்டும் எப்பவும் போல அனுப்பிடுங்க."

இவ்வளவு பெருந்தன்மையான ஏஜென்சியா என்று நடேசன் நெகிழ்ந்துபோனார்.

"பார்த்தீங்களா, கழட்டி விட்டுட்டான்" என்றாள் வர்ஷா. "முதல்ல போய் நிறுத்தினதை வாபஸ் வாங்குங்க."

நடேசன் மறுபடி கேட்டுக்குப் போனார். "நாளைக்கும் வாங்க. உக்காருங்க. தாராளமா உக்காருங்க" என்றார்.

"அது சரி" என்றார் காக்கிச் சட்டை. "காலங்காத்தால டீ குடிக்காம வந்துட்டியா சார்?"

அன்று சாயங்காலம் வர்ஷா மடிக்கணினியோடு நடேசன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கண்ணில் ஒரு ஒளி வந்திருந்தது. கட்சிக்காரர்கள் யாரும் அவள் சொல்வதை முழுசாகக் கேட்டதில்லை. இங்கே ஒருவர் பயந்து நடுங்கியபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

"சட்டப்படி அவரை அனுப்பணும்னா சார்ஜ் மெமோ கொடுக்கணும். மெமோ கொடுக்கணும்னா அவர் நம்ம ஊழியர்னு காகிதத்துல இருக்கணும். புதுச் சட்டத் தொகுப்பு வந்தப்புறம் நியமனக் கடிதம் இல்லாம யாரையும் வச்சுக்கக் கூடாது."

"அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்குமா?"

"பொருந்தும்னு சொல்றவங்களும் இருக்காங்க, பொருந்தாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நாம ஜாக்கிரதையா இருந்துடுவோம்."

காபி கொண்டுவந்த மனைவி ராணி தட்டை வைத்துவிட்டு நின்றாள். "அதாவது, அந்த மனுஷனை வேலையை விட்டு அனுப்பறதுக்காக முதல்ல வேலைக்கு எடுக்கணும்."

"கரெக்ட் ஆன்ட்டி" என்றாள் வர்ஷா சந்தோஷமாக.

ராணி கணவரைப் பார்த்தாள். நடேசன் காபியைப் பார்த்தார்.

நியமனக் கடிதத்துக்குப் பெயர், விலாசம் வேண்டும். இத்தனை நாள் 'ஏங்க', 'இந்தாங்க' என்றே காலம் தள்ளியிருக்கிறோமே என்று நடேசனுக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. தீபாவளிக்கு இவர் பழைய குடை ஒன்றைக் கொடுக்க, பதிலுக்கு அவர் ஒரு பெரிய இனிப்புப் பெட்டியை நீட்டியது நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு வாட்ச்மேன் செயலாளருக்கு இனாம் கொடுத்த ஒரே குடியிருப்பு இதுவாகத்தான் இருக்கும். நல்ல மனுஷன். தூங்காமல் மட்டும் இருந்திருக்கலாம்.

"உங்க பேரு?"

"வேம்புலி."

"எங்க குடியிருக்கீங்க?"

"இங்கதான் கீறேன்."

"இங்கன்னா?"

"இங்கன்னா இங்கதான் சார்" என்று வேம்புலி கட்டடத்தைப் பொதுவாகக் கைகாட்டினார். கை காட்டிய திசையில் மோட்டார் ரூம் இருந்தது. நடேசன் குறித்துக்கொண்டார்.

வர்ஷா தலையில் கைவைத்தாள். "வளாகத்துலயே தங்கறாரா? அப்ப எது வேலை நேரம், எது தூங்கற நேரம்? வேலை நேரம்னு ஒண்ணு எழுதாம வேலை நேரத்துல தூங்கினார்னு எப்படி மெமோ கொடுப்பீங்க?"

ஆகவே வேலை நேரம் எழுதப்பட்டது. வேலை நேரம் என்றால் ஓய்வு நேரம், வார விடுமுறை, சீருடை, மழைக்கோட்டு. கடிதம் நாலு பக்கம் ஓடியது, அழகான ஆங்கிலத்தில். வேம்புலி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"சங்கத்துலேர்ந்து உங்களுக்குக் கொடுக்கற ஆர்டர். கையெழுத்துப் போடுங்க."

"சங்கத்துல நமக்கும் ஒரு பொறுப்பா? பரவால்லியே! ஒரு நாள் கூட என்னைக் கூப்ட்டு பேசினது இல்லியேன்னு எனுக்கு மனசுல ஒரு கொற இருந்துச்சு சார்." வேம்புலியின் முகம் மலர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு நடேசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நடேசன் கடிதத்தின் நகலை அவசரமாக மடித்துப் பைக்குள் வைத்தார். வேலை கொடுத்ததற்கு இப்படி மகிழ்கிறவரை அடுத்த வாரம் நீக்கப்போகிறோம். பாவி நான், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேம்புலிக்கு வார விடுமுறை. மாற்று ஆள் கிடையாது. நடேசனே கேட்டில் உட்கார்ந்தார். கிஷோர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான், வேண்டுமென்றே. உணவு கொண்டுவந்த பையன் ஒருவன், "அண்ணாத்தே, இத மூணாவது மாடியில குடுத்துடு" என்று பையைக் கையில் திணித்துவிட்டுப் பறந்தான். பத்து மணிக்கு வெள்ளைவெளேரென்று சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வேம்புலி வெளியே போனார்.

"இன்னா சார், இன்னிக்கு நீயா? மரத்தடியில நல்லாதானே கீது? காத்த பாத்தியா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"விடுமுறை நாள்ல வந்து கிண்டல் பண்ணிட்டுப் போறார்" என்று நடேசன் அன்று இரவு புலம்பினார்.

"நியாயமான விஷயம்தான்" என்றாள் ராணி. "காத்து நல்லா வந்துதா?"

வந்தது என்பதை அவர் சொல்லவில்லை. கொஞ்சம் கண்ணயர்ந்ததையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சார்ஜ் மெமோ தயாரானது. விசாரணை முடியும்வரை வேம்புலி வளாகத்துக்குள் வரக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றாள் வர்ஷா. நடேசன் அதை நாசூக்காக வாயால் சொல்லிப் பார்த்தார்.

"உள்ள வரக் கூடாதா? அப்ப நான் எங்க போயி படுக்கிறது? துணிமணிலாம் மேல கீது. இன்னா நியாயம் சார் இது?"

வேம்புலிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த வேம்புலி பார்க்க வேறு மாதிரி இருந்தார். நடேசன் பின்வாங்கினார். மொட்டைமாடியில் போய்த் துணி காயப்போடுகிறார் போலிருக்கிறது, அதையும் தடுக்க வேண்டாம் என்று வர்ஷாவும் அந்த வரியை அடித்துவிட்டாள். மெமோவை மட்டும் கொடுத்தார்கள்.

"சார், இத பாரு, எனுக்கும் இதுக்கும்…"

"வாயால சொல்லக் கூடாது" என்று வர்ஷா உடனே கையை உயர்த்தினாள். "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா. இல்லன்னா விசாரணையில சொல்லுங்க. உங்க உரிமை பாதிக்கப்படக் கூடாது."

"உரிமையா?" என்றார் வேம்புலி. "அப்ப சரி. விசாரணைலயே வச்சிக்கிறேன்."

அந்தத் தொனி நடேசனைத் தூங்கவிடவில்லை. வேம்புலி யாரிடமோ ஆலோசனை கேட்டிருக்கிறார். பின்னால் யூனியன் இருக்கிறது. லேபர் கோர்ட்டில் கூண்டு உண்டா, ஏறினால் உட்கார நாற்காலி தருவார்களா என்றெல்லாம் யோசித்துப் புரண்டார்.

விசாரணைக்கு நடுநிலையான ஓர் அதிகாரி வேண்டும். நடேசன் புகார்தாரர், கிஷோர் சாட்சி, வர்ஷா ஆலோசகர். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் அன்று ஊரிலேயே இல்லை என்று குழுவில் செய்தி போட்டார்கள், மாடி மாடியாக விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே.

"நான் உட்கார்றேன்" என்றாள் ராணி.

"ஆன்ட்டி, நீங்க அவர் மனைவி ஆச்சே. ஒருதலைப்பட்சம்னு சொல்லிடுவாங்க."

"மனைவிங்கறதாலதாம்மா அவர் பக்கம் சாய மாட்டேன்."

இதற்கு எதிராக வர்ஷாவுக்கு எந்தத் தீர்ப்பும் கிடைக்கவில்லை.

கீழ்த்தளத்துச் சங்க அறையில், உடைந்த டிரெட்மில்லை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜை போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு உதவியாக ஒரு சக ஊழியரை அழைத்துவரலாம் என்று மெமோவில் இருந்தது. யாரை வேண்டுமானாலும் கூட்டிவரலாம் என்று அதைத் தமிழில் சொன்னபோது, மாடிப்படி கூட்டிக்கொண்டிருந்த பேபியை வேம்புலி கையோடு அழைத்து வந்துவிட்டார். பேபி துடைப்பத்தைக் கதவில் சாத்திவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

ராணி தொண்டையைக் கனைத்தாள். பத்து நாளில் அவள் சட்டம் நன்றாகப் பழகியிருந்தாள்.

"சாட்சி கிஷோர். இவர் தூங்கினதைப் பார்த்தீங்களா?"

"படமே எடுத்திருக்கேன் ஆன்ட்டி."

"ஹாரன் அடிக்காம, இறங்கித் திறந்தா என்ன? கையில வலியா?"

"ஆன்ட்டி, நான் சாட்சி."

"தெரியும். புகார்தாரர் நடேசன். ஞாயித்துக்கிழமை நீங்க அதே நாற்காலியில உட்கார்ந்தீங்களே. தூக்கம் வந்துதா, இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க, நானும் பால்கனியில படம் எடுத்திருக்கேன்."

கிஷோர் சிரித்துவிட்டான். நடேசன் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். சொந்த மனைவி, சொந்தச் செலவில் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே இப்படிக் கேட்கிறாள்.

"கண்ணு சொக்கினது உண்மை" என்றார் ஈனஸ்வரத்தில்.

"அப்டி சொல்லு சார்!" என்று வேம்புலி மேஜையைத் தட்டினார். "அந்தக் காத்து அப்படி!"

வர்ஷா குனிந்து நடேசன் காதில் சொன்னாள். "அங்கிள், நிலைமை சரியில்ல. பேசாம சமாதானமாப் போய், அவரையே நிரந்தரமா வச்சுக்கலாம். கோர்ட்டுன்னு வந்தா இந்த விசாரணை நிக்காது."

கோர்ட் என்ற சொல் நடேசன் காதில் முழுசாக விழுந்தது. "வச்சுக்கறேன்" என்று எழுந்தே நின்றுவிட்டார். "வேம்புலி, தூங்கினது தப்பே இல்ல. புகார் வாபஸ். நீங்க இங்கயே இருங்க. எப்பவும் இருங்க. உங்களை யாரும் அசைக்க முடியாது!"

"அதெப்டி சார் அசைப்பே?" என்றார் வேம்புலி, புரியாமல்.

"இருங்க, நடைமுறையை முடிச்சுடறேன்" என்று ராணி பேபியின் பக்கம் திரும்பினாள். "நீங்க இவர் கூட வேலை பார்க்கறவங்க. வாட்ச்மேனை வேலையில வச்சுக்கறதுல உங்களுக்குச் சம்மதம்தானே?"

பேபி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா கேக்குறீங்க? ஏஜென்சிக்கார வாட்ச்மேன் போன வருசம் தீவாளிக்கு முன்னாடியே ஓடிப்பூட்டான்; இவரு டிப்போ டிரைவரா இருந்த நாலாவது மாடி ஊட்டு ஓனரும்மா, சார் ஆர்டர் குடுத்தப்புறம்தானே வாட்ச்மேன் ஆனாரு!"