பராகிராப் அண்ணையும் தும்மல் முயலாரும்

மரத்தூளும் காய்ந்த புல்லும் கலந்த வாசம். செல்லப்பிராணிக் கடைக் கதவு எங்காவது திறந்தால் போதும், அது தெருவுக்கு வந்துவிடும். கூடவே, கடிதக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி பராகிராப் அண்ணையும் என் நினைவுக்கு வந்துவிடுவார்.

ஜெர்மனியில் நாங்களெல்லாம் சட்டத்துக்குப் பயந்து நடந்தோம். சட்டம் பயந்து நடந்தது அவர் ஒருவருக்குத்தான். சட்டப்பிரிவை இங்கே பராகிராப் என்பார்கள். அதில் ஒன்றைச் சொல்லாமல் அண்ணை தேநீர்கூடக் குடிக்கமாட்டார். பாண் வாட்டும் டோஸ்டர் மெஷின் ஒரு பக்கம் கருக்குகிறது என்று கடைக்குக் கடிதம் போட்டுப் புதிது வாங்கினார். கோயில் அன்னதானச் சாம்பாரில் உப்பில்லை என்று நிர்வாகத்துக்கே பதிவுத்தபால் அனுப்பினார்: 'இரண்டு கிழமைக்குள், அதாவது பதினாலு நாளில், திருத்தித் தரவும்.' ஐயர் உப்புப் பொட்டலத்தோடு வந்து மணி அடித்தார்.

கடிதங்களைத் தட்டச்சு செய்தவன், எர்லாங்கனில் அவருக்குக் கீழ்வீட்டில் இருந்த நான்.

ஒருநாள் அண்ணை முயல்குட்டி வாங்கினார். "தனியே வளர்த்தால் ஏங்கிப்போகும், இரண்டாக வாங்குங்கள்" என்றாராம் கடைப் பெண்மணி.

"நானும் தனியத்தானே இருக்கிறன். ரெண்டு பேர் ஆச்சுதெல்லோ?" என்றாராம் அண்ணை.

மூன்றாம் நாள் முயல் தும்மியது. மூக்கு ஒழுகியது. கரட்டைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணை படிகளில் உருண்டு வராத குறையாக வந்தார்.

"தம்பி, முயலாருக்குச் சுகமில்லை. எழுதும் கடிதம்!"

"டொக்டரிட்டக் கொண்டு போங்கோவன் அண்ணை."

"முதல்ல வித்தவைக்குத் திருத்த அவகாசம் குடுக்கவேணும், அதுதான் முறை. மிருகம் பொருள் இல்லையாம். ஆனா பொருளின்ரை சட்டந்தானாம் அதுக்கும். ஆறு மாசத்துக்குள்ள நோய் வருத்தம் ஏதும் தெரிஞ்சா, விக்கேக்க சுகமா இருந்தது எண்டு அவைதான் நிரூபிக்கவேணும்."

"இதெல்லாம் முயலுக்குத் தெரியுமோ?"

"நீர் எழுதும்."

அவசரத்தில் பழைய கடிதத்தையே எடுத்து, மெஷின் என்ற இடத்தில் முயல் என்று மாற்றினோம். 'பழுதானதை எடுத்துக்கொண்டு புதிது தரவும்.'

முயலைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கடைக்குப் போனோம். பெண்மணி கடிதத்தை வாசித்தார். வாதாடவே இல்லை. உள்ளே போய்க் கொழுகொழுவென்று, தும்மாத முயலொன்றைக் கொண்டுவந்தார்.

"கேட்டபடியே மாற்றித் தருகிறோம். பழையதைத் தாருங்கள்."

அண்ணை இவ்வளவு சுலபமாக எதிலும் வென்றதில்லை. ஆனால் பெட்டியை விடவில்லை.

"இவரை என்ன செய்வீங்கள்?"

"திருப்பி அனுப்பிவிடுவோம்."

அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்த ஒவ்வொரு உறையிலும் இந்தச் சொல் இருக்குமோ என்று பயந்தபடி பிரித்துப் பார்த்தவர்கள் நாங்கள் இருவரும். அண்ணை என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் ஒரு தும்மல். கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார்.

"ஓடும் தம்பி, டொக்டரிட்ட!"

பராகிராப் இல்லாமல் அவர் பேசிய முதல் வாக்கியம்.

முயலார் பிழைத்தார். தும்மல் மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு தும்மலுக்கும் அண்ணை எழுந்து நின்று ஜெர்மன் முறைப்படி நலம் வாழ்த்துவார்.

வேலை மாறி நான் லைப்சிக்குக்குப் புறப்பட்ட காலையில், முயலைக் கையில் ஏந்தியபடி வாசலுக்கு வந்தார். என் பெட்டிகளை எண்ணுவதுபோல் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு கிழமைக்குள்ள வந்து எங்களைப் பாக்கவேணும், தம்பி. எழுத்தில தரட்டோ?"