மைதானத்தின் உறுதி யாருடைய பெயரில்?

பலேர்மோ,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய இராஜநாயகம் அத்தானுக்கு, மைத்துனன் கோபாலசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்பிகையும் மகள் கேசிகாவும் இங்கே சுகம். மானிப்பாயில் நீங்களும் சறோஜா அக்காவும் அக்காவின் முழங்காலும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

நிற்க, கேசிகாவுக்கு நீங்கள் பேசிய தென்கொரியாவில் இருக்கும் மாப்பிள்ளை விடயத்தில் முடிவு கேட்டிருந்தீர்கள். விசாரிக்காமல் முடிவு சொல்வது எப்படி? ஊரில் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள் மூன்று தலைமுறையையும் அறிந்துவிடலாம். கொரியாவில் எந்தக் கடையில் போய்க் குடிப்பது? மாப்பிள்ளை லக்சன் ஜெஜு தீவில், சொகுவிபோ நகரத்துக் கால்பந்து மைதானத்தில் புல் பராமரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே ஆளை விட்டுவிட்டு மைதானத்தை விசாரித்தேன். உதவிக்கு வந்தவர் கீழ்வீட்டு யுகெத். மொரீஷியஸ்காரர், துறைமுகத்தில் வேலை, உலகத்தில் எங்கே பந்து உருண்டாலும் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில், மைதானத்துக் காணியின் உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் என்று கேட்டேன். நகரத்தின் பெயரிலாம்! கால்பந்துக் கழகம் அங்கே குடியிருந்து ஆடுகிறது, அவ்வளவுதான். கொரியாவில் அநேகமான கழகங்களின் கதை அதுவாம். போஹாங் மாதிரி ஒன்றிரண்டு ஊரில்தான் உருக்காலைக்காரர்கள் தங்கள் கழகத்துக்கென்று சொந்தமாகக் கட்டியிருக்கிறார்களாம். அங்கே புல் வெட்டுகிற பையன் ஒருவரும் உங்களுக்கு அகப்படவில்லையா அத்தான்? அதுவும் போகட்டும், இந்த ஜெஜு கழகம் ஜெஜுவில் இருந்த கழகமே இல்லை. இருபது வருடத்துக்கு முன் புச்சொன் என்ற ஊரை விட்டுவிட்டுத் தீவுக்கு வந்ததாம். புச்சொன் சனங்கள் கோபத்தில் தாங்களே ஒரு கழகம் தொடங்கி இன்றும் ஆடுகிறார்களாம். இதைக் கேட்டதும் அம்பிகை, "இருந்த ஊரை விட்டிட்டு வெளிக்கிட்ட ஆக்களோடையோ சம்பந்தம்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சுழிபுரத்தை விட்டு வந்து, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் வாடகை வீட்டில் இருக்கும் நாங்கள் இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் கவலைப்பட்டோம்.

மாப்பிள்ளை அதற்கு முன் கிம்சொன் நகரத்து மைதானத்தில் இரண்டு வருடம் வேலை செய்தாராம். அங்கே ஆடுவது இராணுவத்தின் கழகம். "என்ன, ஆமியின்ரையோ?" என்று அம்பிகை அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். கட்டாய சேவைக்கு வருகிற ஆட்டக்காரர்கள் பதினெட்டு மாதம் அங்கே ஆடிவிட்டு, பழைய கழகத்துக்கே திரும்பிவிடுவார்களாம் என்று சொல்லி ஆற்றினேன். "அப்ப திரும்பி வருவினமோ?" என்று கேட்டுவிட்டு, அவள் அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

இன்று காலை வீடியோ அழைப்பில், மைதானத்தில் நின்ற மாப்பிள்ளையிடமே நேரே கேட்டேன்.

"தம்பி, உங்கடை மைதானம் ஏன் பள்ளத்துக்கை கிடக்கு?"

"கடல்காத்து பலம் மாமா. அதுதான் நிலத்தைத் தோண்டிக் கீழை கட்டியிருக்கினம். புல்லு நல்லா நிக்குது, காட்டட்டோ?"

முழங்காலிட்டுப் புல்லை விலக்கி வேர்வரை காட்டினார். பள்ளத்தில் கட்டுகிறவர்கள் என்று நான் குறித்துக்கொண்டேன். கேசிகாவுக்கு வந்ததே கோபம்!

"பஸ்தா, போதும் அப்பா! நீங்கள் கலியாணம் பேசுறியளோ, கிரவுண்ட் வாங்கப் போறியளோ?"

சொந்த நிலமில்லை, ஊர்மாறிய கழகம், ஆமித் தொடர்பு, பள்ளக்காணி. இந்த நிலையில் சம்பந்தம் சரிவராது என்று மாப்பிள்ளை பகுதிக்கு மனம் நோகாமல் சொல்லிவிடவும். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நீண்டகாலம் நன்றாக இருங்கள்.

அன்புள்ள மைத்துனன்,
கோபாலசிங்கம்

பி.கு.: பையனில் ஒரு குறையுமில்லை அத்தான். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். கேசிகாவுக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு பிள்ளை, சொகுவிபோ மிகத் தூரம். அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் மைதானங்களைக் குற்றம் சொன்னேன். ஓம் என்றே சொல்லிவிடுங்கள். ஆனால் உடனே சொல்ல வேண்டாம். கொரியாவில் இன்னும் இருபதுக்கு மேலே மைதானங்கள் இருக்கின்றனவாம், பெண்ணின் தகப்பன் அவற்றையும் விசாரித்துக்கொண்டிருக்கிறார், சித்திரை வரைக்கும் பொறுக்கவும் என்று சொல்லுங்கள்.