கையில் எதையோ பிடித்தபடி

ஒரே ஒரு நாவலை முப்பது வருஷம் படித்து, அதில் வருகிற அத்தனை பேரோடும் முறை வைத்துச் சண்டை போட்ட மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருத்தர்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்த கம்பித் தொழிற்சாலையின் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அவர் 'திரும்பவருமா'.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட்பாஸ் வேண்டும். ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வருகிற பொருள் என்றால் வெள்ளைச் சீட்டு, 'ரிட்டர்னபிள்'. ஒரேயடியாகப் போகிற பொருள் என்றால் மஞ்சள் சீட்டு, 'நான்-ரிட்டர்னபிள்'. மோட்டாரோ ஏணியோ, எது கேட்டில் வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, "திரும்ப வருமா?"

பொருளோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. ஒருநாள் முதலாளி தன் மாமியாரை ஊருக்கு அனுப்பக் காரில் உட்கார வைத்துக் கேட் வரைக்கும் வந்தார். நம்மவர் குனிந்து, ஜன்னல் வழியாக அந்த அம்மாளை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, "சார், இது திரும்ப வருமா?" என்றார். மஞ்சள் சீட்டே போடுப்பா என்று சொல்ல முதலாளியின் உதடு துடித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மாமியாரும் பார்த்துவிட்டார், அதுதான் விபரீதம். காரை அப்படியே திருப்பச் சொல்லி, மேலும் ஒரு மாசம் தங்கிவிட்டுத்தான் போனார்.

இன்னொரு நாள் பின்பக்கத்து வயலிலிருந்து எருமை ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. உள்ளே வந்ததற்குச் சீட்டு இல்லை, அதனால் வெளியே விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். எருமைக்காரர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஆந்திரா வரைக்கும் கேட்கிற மாதிரித் தெலுங்கில் திட்டுகிறார். கடைசியில் நான்தான் "எருமை, கறுப்பு, ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அதை விடுதலை செய்தேன். ஸ்டோர்ஸ் கையெழுத்து இல்லாத கேட்பாஸ் செல்லாது, அதுதான் அங்கே சட்டம்.

இப்போது நாவலுக்கு வருகிறேன். ஏதோ வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்துத் தைத்த புத்தகம். அட்டை கிடையாது, தலைப்பு கிடையாது, எழுதியவர் பெயரும் போன இடம் தெரியவில்லை. கதை இவ்வளவுதான்: நெல் விவசாயம் செய்யும் குடும்பம், தொழுவத்தில் ஒரு மாடு. பதினேழு வயசுப் பையன். நிலத்தைப் பார் என்கிறார் அப்பா, உலகத்தைப் பார்க்கிறேன் என்கிறான் பையன். நூறு பக்கச் சண்டைக்குப் பிறகு ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் ஏறிவிடுகிறான். ரயில் நகரும்போது அப்பா, 'கையில் எதையோ பிடித்தபடி' பிளாட்பாரத்தில் ஓடி வருகிறார். பையன் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முற்றும்.

எதையோ என்றால் எதை? எழுதிய மகராசர் சொல்லவே இல்லை. நம்மவருக்கு அதுவே பிழைப்பாகப் போயிற்று. புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கு ஹெல்மெட் கொடுக்கிறார்களோ இல்லையோ, இவர் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார். திருப்பித் தரும்போது பரீட்சை உண்டு.

"படிச்சியா?"

"படிச்சேன்ணா."

"அப்பன் கையில இன்னா இருந்துச்சி?"

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயசு. "இதுல என்னண்ணா சந்தேகம்? கட்டைதான். அடிச்சு இழுத்துக்கினு போக வந்துருக்கான். நல்லவேளை, பையன் தப்பிச்சான்" என்றேன்.

"அப்டிச் சொல்லு நைனா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு என் டீயும் அவர் உபயம். அவரும் பெரியபாளையம் பக்கத்தில் அப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டு, பதினெட்டு வயசில் நிலத்தை உதறிக்கொண்டு வந்தவர்தான். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் 'சபாஷ்' என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார். கேட் ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை, வேறு எப்படி எழுதும்?

எங்கள் உலைப் பிரிவு ஃபோர்மேனுக்கு ஐம்பத்தேழு வயசு. அவரிடமும் நம்மவர் புத்தகத்தை நீட்டினார். அந்த மனுஷர் ஒரு வாரம் படித்துவிட்டு, கேன்டீனில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து, கவலையோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பையன் பூட்டானே, அப்பால அந்த மாட்டுக்கு யாருபா தண்ணி காட்டுனது?"

"யோவ், இன்னாயா படிச்ச நீ? ஒரு பையன் உலகத்தையே பார்க்கப் போறான், நீ மாட்டப் பத்திப் பேசிக்கினு கீற?"

"உலகம் எங்கயும் போவாதுபா. மாடு தாகத்துல நிக்குமே."

மூன்று நாள் கேன்டீனே இரண்டு கட்சியாக நின்றது. நாங்கள் இளவட்டங்கள் எல்லாம் திரும்பவருமா கட்சி. கிழத்துக்குக் கதை படிக்கத் தெரியவில்லை என்று சிரித்தோம். எனக்கு இன்றைக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. அந்த மாட்டை நினைத்தால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

திரும்பவருமாவுக்கு ஒரே மகன், குமரன். பையனுக்குப் பாடப் புத்தகம் மனப்பாடம் ஆனதோ இல்லையோ, இந்த நாவல் மனப்பாடம். "டேய், அவன மாதிரி இருக்கணும். அப்பன் பேச்சக் கேட்டுக்கினு ஊட்லயே குந்திக்கினு இருந்தா உருப்பட மாட்ட" என்று ஓர் அப்பாவே சொல்லி வளர்த்தால் பையன் என்ன செய்வான்? சொன்னபடி கேட்டான். பத்தொன்பது வயசில் டிப்ளமோ முடித்து, புனேயில் வேலை வாங்கிக்கொண்டு, தோளில் பையோடு எங்கள் கேட்டில் வந்து நின்றான்.

நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. மேஜையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்தார். பொருள்: மகன். எண்ணிக்கை: ஒன்று. காரணம்: உலகம் பார்க்க. 'நான்-ரிட்டர்னபிள்' என்ற இடத்தில் பெரிசாக ஒரு டிக். "ஸ்டோர்ஸ் கையெழுத்து இல்லாம செல்லாது, வாப்பா!" என்று என்னைக் கூப்பிட்டார். போட்டேன். ஐயோ, சிரித்துக்கொண்டே போட்டேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். குமரனும் சிரித்தான், சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனான்.

இரண்டு மாசம் கழித்துப் புத்தகத்தைப் புரட்டினேன். 'சபாஷ்' அடித்துவிடப்பட்டு, பக்கத்தில் 'சாப்ட்டானா?' என்று இருந்தது. நேரம் காலை 10.40, கையெழுத்து.

"அண்ணே, கட்டைன்னு ஒத்துக்கினீங்களே?"

"கட்டையாவது மண்ணாவது. சோறுபா. காலைல நாஷ்டா கூட துன்னாம பூட்டான் இல்ல, அத்தான் கட்டிக்கினு ஓடியாந்துருக்கான்."

அதிலிருந்து சிவப்பு மை வேறு மாதிரி ஓடியது. பையன் அப்பாவை எதிர்த்துப் பேசுகிற பக்கங்களில் எல்லாம் 'திமிரு', 'வாய்க்கொழுப்பு' என்று எழுதித் தள்ளினார். முன்னே அதே பக்கங்களைத்தான் கேட் சாத்தியிருக்கும் நேரத்தில் எங்களுக்கு நடித்துக் காட்டுவார். "நீங்களே மெச்சுனதுதானே?" என்று கேட்டால், "அன்னைக்கிப் படிச்சவன் வேற ஆளுபா, அவன எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு அவர் மனைவி சரசம்மா போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். முதல் நாளே குமரன் போனில், "வரட்டுமாப்பா?" என்று கேட்டிருக்கிறான். "சாதா ஜொரம்டா, வேலயப் பாரு" என்று இவர்தான் தடுத்தார். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில், பந்தலைக் கூடப் பிரிக்கவில்லை, நாங்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். துக்கம் தலைக்கேறியிருந்த மனுஷர் மகனைப் பார்த்ததும் கத்தினார்.

"இப்ப இன்னாத்துக்குடா வந்த?"

குமரன் தோள் பையை இறக்கவில்லை. பர்ஸைத் திறந்து, மடிப்பு மடிப்பாக நைந்துபோன மஞ்சள் சீட்டை எடுத்தான்.

"நீதானப்பா எழுதிக் குடுத்த, திரும்ப வராதுன்னு. கரெக்டாத்தான கீது?"

அதை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, வந்த பையோடு அப்படியே ஸ்டேஷன் பக்கம் நடந்தான். அவர் எழுந்திருக்கவில்லை. சீட்டின் கீழ்மூலையில் என் கையெழுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பாவின் நம்பரை அவன் எடுப்பதில்லை.

போன மாசம் என் மகளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. வீட்டில் அவள் அம்மா ஒரு பக்கம் மூக்கைச் சிந்த, நான் பெரிய தைரியசாலி மாதிரி, "போய்ட்டு வாம்மா, உலகத்தைப் பாரு" என்று வீரம் பேசிவிட்டேன். அவளுக்குக் கொடுக்கலாம் என்று அந்த நாவலைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோக்கல் ரயிலில் ஆரம்பாக்கம் போனேன். ரிட்டயர் ஆகி, அறுபத்தேழு வயசில், தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கா? ஒத வாங்குவ" என்றார். "ஒருத்தன் கைல குடுத்துட்டு நான் பட்ற பேஜாரு பத்தாதா?"

கண் மங்கிவிட்டதாம், கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டச் சொன்னார். என்னைப் படிக்கவைப்பதற்காகச் சொன்ன பொய் என்று இப்போது தோன்றுகிறது. சத்தமாகப் படித்தேன். பையன் பையைத் தூக்குகிறான், ரயில் நகர்கிறது, அப்பா ஓடி வருகிறார். அதற்கு மேல் என் குரல் வரவில்லை. இருபத்துமூன்று வயசில் இதே இடத்தில்தான் 'நல்லவேளை' என்றேன்.

"இன்னா, தொண்டைல மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு, "இப்ப சொல்லு, கையில இன்னா?" என்றார்.

"சோறுதான்ணா. நீங்க சொன்னதுதான்."

"ஒண்ணும் இல்லபா. வேட்டி அவுந்துருக்கும். அதப் புடிச்சிக்கினு ஓடியாந்துருக்கான். நம்ப வயசுல ஓடிப் பாரு, தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு, எப்போது மாறியது என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"நான் இப்ப அப்பன் கட்சியும் இல்ல, பையன் கட்சியும் இல்ல. அந்த ரயில்காரன் மேலதான் எனக்குக் கோவம். இந்த லைன்ல எந்த வண்டிபா கரெக்ட் டைமுக்கு எடுத்துருக்கான்? அன்னைக்கி மட்டும் இன்னா அவசரம் அவனுக்கு? ரெண்டு நிமிஷம் நின்னா கொறஞ்சா பூடுவான்?"

நான் புத்தகத்தை மூடினேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "உன் போன குடு" என்றார். பத்து எண்களையும் பார்க்காமலே அழுத்தி, காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்தது. எடுத்தான்.

"ஹலோ... யாரு? ஹலோ, சொல்லுங்க... கேக்குதா?"

எனக்கே கேட்டது. அவர் மூச்சுக் கூட விடவில்லை. அந்தப் பக்கம் இன்னும் இரண்டு ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான். போனைச் சட்டையில் துடைத்து, பத்திரமாக என் கையில் கொடுத்தார்.

"கொரலு நல்லாக்கீது. சளி கிளி ஒண்ணும் இல்ல."

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேண்ணா! எடுத்தானே!"

"பேசுனா இந்த நம்பரையும் எடுக்கமாட்டான்பா."

புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த எண்ணை என் போனில் சேமித்தபோது என்ன பெயர் போடுவது என்று கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, 'நம்ம பையன்' என்று போட்டுக்கொண்டேன்.