சத்தம் போடாத பிள்ளைக்குப் புத்தகம் கிடையாது

நாட்டில் உள்ள நூலகங்களில் எல்லாம் ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மைதாப் பசை தடவி, அதன்மேல் யானை முகம் ஒட்டிய ஒரே மனுஷி உலகத்திலேயே எங்கள் பசை டீச்சர்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. கொச்சி வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி போட்டுக்கொண்டு குரலை உயர்த்திப் பேசும் பெண்மணி யாரானாலும் கேரளத்தில் டீச்சர்தான். விரல்களில் சதா பசை காய்ந்து உரிந்துகொண்டிருக்கும் என்பதால் முன்னால் ஒரு பசையும் சேர்ந்துகொண்டது. நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், “தெரிஞ்சுண்டு என்ன பண்ணப் போறே? அந்தக் கத்திரியை எடு” என்பார்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வாயனசாலை, அதாவது படிப்பகம், இருக்கிறது. கீழே பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். மாடி அறையில் சனிக்கிழமைதோறும் டீச்சரின் ராஜ்ஜியம். தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கே தரையில் உட்கார்ந்து வெட்டும், ஒட்டும், கத்தும்.

அந்த ராஜ்ஜியத்தில் ஒரு சட்டம் உண்டு. எடுத்துப்போன புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு ஓட முடியாது. அதை வாங்கிக்கொள்ளும் ஆளை உட்கார வைத்து, முழுக்கச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். அப்புறம்தான் புத்தகம் அலமாரிக்குப் போகும். குஜராத்திக் குழந்தை குஜராத்தியில் படிக்கும். டீச்சருக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் சரியான இடத்தில் “அய்யய்யோ!” என்று நெஞ்சில் கை வைப்பார். எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“கொழந்தை மொகத்தைப் பார்த்தா தெரியாதாக்கும்?” என்றார்.

என் பெண் மீனுவுக்குப் பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள், வாயைத் திறக்க மாட்டாள். முதல் நாள் நான் டீச்சரைத் தனியாக அழைத்து, “அவளைப் படிக்கச் சொல்லி நிர்ப்பந்திக்க வேண்டாம்” என்றேன். டீச்சருக்கு வந்ததே கோபம்.

“ஏன்? எனக்கு ரெண்டு காது சும்மாத்தானே இருக்கு? எத்தனை நாழி ஆனா என்ன? எனக்கு எங்க போகணும்?”

அன்றைக்கு இரண்டாவது சட்டம் பிறந்தது. மீனு திணறும் வார்த்தையை வேறு யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவர்கள் அன்று முழுக்கப் பசை கிண்ட வேண்டும். முதல் குற்றவாளி நான்தான், கை கடுத்துப் போயிற்று. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் மீனு அந்த ஒரு அறையில் மட்டும் வாய் திறந்து படித்தாள். உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

டீச்சரால் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. யானைக் காது தைக்க வேண்டும் என்று கொச்சங்காடி கிடங்கிலிருந்து சாக்குகள் கொண்டுவந்தார். எல்லாம் குறுமிளகு மூட்டை கட்டிய சாக்குகள். பிள்ளைகள் உதறினார்கள். மாடியில் தொடங்கிய தும்மல் படி இறங்கி, பேப்பர் படிப்பவர்கள் வரை போயிற்று. தலையங்கம் படித்துக்கொண்டிருந்தவரின் மேல்செட் பல் மேஜையில் விழுந்தது. டீச்சரோ மேலே, “தும்மற யானைக் கதை சொல்றேன், எல்லாரும் சேர்ந்து தும்முங்கோ!” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதோடு பிரசிடெண்ட் மாமாவின் பொறுமை போயிற்று. வாயனசாலையின் தலைவர் அவர், துறைமுக ஆபீஸில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கமிட்டியைக் கூட்டினார். மாடி அறை இனி வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு, பிள்ளைகளின் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி ஸ்டோரில் வைப்பது என்று தீர்மானம்.

“அவாளும் படிக்கட்டும், நன்னாப் படிக்கட்டும். கீழே இடம் கொடுங்கோ” என்றார் டீச்சர்.

“கீழே பேப்பர் படிக்கறவா இருக்காளே?”

“காலம்பற படிச்ச பேப்பரையேதானே சாயங்காலமும் படிக்கறா? வீட்டுக்குப் போகச் சொல்லுங்கோ!”

தீர்மானம் மாறவில்லை. அன்றிரவு மீனு சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

மாமா பெட்டிகளோடு மாடி ஏறியபோது அலமாரியில் ஒரு பல்லி இருந்தது. புத்தகம் ஒன்றுகூட இல்லை.

“ஸ்டாக் எங்கே?”

“பிள்ளைகள் வாசிக்கறதுக்குக் கொண்டு போயிருக்கா. லைப்ரரின்னா பின்னே அதுக்குத்தானே?”

ஸ்டாக்கைச் சரிபார்க்காமல் ஓர் அறையைக் காலி செய்ய மாமாவின் சர்க்கார் ரத்தம் இடம் கொடுக்கவில்லை. தானே வீடு வீடாகப் போய் வசூலிப்பது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அங்கேதான் பிசகினார். எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் திருப்பித் தர ஒரே ஒரு முறைதான் தெரியும். கொங்கணி வீட்டில் அண்ணன் தங்கை மூவரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதையாக முழுசாகப் படித்துக் காட்டினார்கள். குஜராத்தி வீட்டில் முதலை கதை, அபிநயத்தோடு. எங்கள் வீட்டுக்கு வரும்போது மாமாவின் சட்டை நனைந்திருந்தது, பையில் புத்தகம் நாலைந்துக்கு மேல் இல்லை.

“மீனுக்குட்டி, அந்தப் புக்கைக் கொடு, நான் வேகம் போகணும்.”

“உ… உ… உக்காருங்கோ, மாமா.”

உட்கார்ந்தார். போட்டில் ஏற மாட்டேன் என்று ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், அடம்பிடிக்கும் ஓர் ஆட்டின் கதை அது. முதல் வரியிலேயே மீனு நின்றுவிட்டாள். “ஆ… ஆ…”

“ஆடு” என்றார் மாமா, உதவியாக.

மீனு டிராபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையைக் காட்டினாள். “நா… நான் சொல்லுவேன்!”

என் வீட்டுக் கூடத்தில், வெளி ஆளுக்கு எதிரில், என் பெண் முதல்முதலாகப் பேசியது அன்றைக்குத்தான். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயா ஆறி ஆடை கட்டியது. மாமா ஆரம்பத்தில் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. நடுவில் மாமி போன் செய்தாள். “வரேன், வரேன். ஆடு இன்னும் ஜெட்டியிலயே நிக்கறது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாதியில் மீனு புத்தகத்தை மூடினாள். “வா… வாய் வலிக்கறது. மிச்சம் நாளைக்கு.”

“அப்போ புக்?”

“மு… முழுக்கக் கேக்காமத் தர மாட்டேன்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அடுத்த கமிட்டியில், “ஸ்டாக் பூர்த்தியாகலை. ரூம் அப்படியே இருக்கட்டும்” என்றார் மாமா. எதுவரைக்கும் என்று ஒருவர் கேட்டார். “ஆடு போட்டுல ஏறற வரைக்கும்!” என்று மேஜையில் அடித்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அப்படியே தீர்மானமாயிற்று. பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குக் கீழ் வராந்தா கிடைத்தது. பேப்பர் கோஷ்டி இன்றுவரை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது.

மீனு இன்னும் திக்குகிறாள். ஆனால் வகுப்பில் கையோடு வாயும் திறக்கிறாள். யாராவது வார்த்தையை முடித்துக் கொடுக்க வந்தால் உள்ளங்கையைக் காட்டுகிறாளாம். ‘மரியாதை போதாது’ என்று பள்ளியிலிருந்து புகார் வந்தது. நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

டீச்சருக்கு முட்டி தேய்ந்து படியேற முடியாமல் போனபின், மகன் இடப்பள்ளியில் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். லிஃப்ட் இருக்கிறது, சௌகரியம் இருக்கிறது. சனிக்கிழமை மாடி அறையை இப்போது அம்மாக்கள் நடத்துகிறோம், பிரசிடெண்ட் மாமா கட்டி கட்டியாகப் பசை காய்ச்சுகிறார். லீவு நாள் வந்தால் மீனுவைக் கூட்டிக்கொண்டு நெரிசல் பஸ்ஸில் இடப்பள்ளிக்குப் போகிறேன். குழந்தை டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். குழந்தை ஒன்றும் அழவில்லை.