பதினொரு கிளைக் கொம்பும் பத்துச் சுற்றும்

நாற்பத்தொரு வருஷமாக நவம்பர் மான் வேட்டை சீசனின் முதல் சனிக்கிழமையை டெல்மர் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் ஏப்ரலில் வலது தோள் மூட்டைக் கழற்றிப் புதுசு பொருத்தினார்கள். அதற்காக விஸ்கான்சினில் நவம்பர் வராமல் போய்விடுமா? பதினொரு கிளைக் கொம்போடு ஒரு கிடா மான் மூன்று வருஷமாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை அதைச் சாய்த்தே தீருவதாகச் சபதம்.

டாக்டர் இரண்டு நிபந்தனையோடு தலையசைத்தார். அதிகம் உதைக்காத துப்பாக்கிதான் பிடிக்க வேண்டும். கையைத் தூக்குமுன் தோளைப் பத்துத் தடவை சுழற்ற வேண்டும். வீட்டில் அப்படி லேசான துப்பாக்கி ஒன்றுதான், அதுவும் மனைவி வெர்லாவுக்கு அவள் அப்பா கொடுத்தது.

"அது தனியா வராதுங்க. கூட நானும் வருவேன்."

டெல்மர் கணக்குப் போட்டார். காபி குடுவையையும் துப்பாக்கியையும் தூக்க ஆளாச்சு. லைசென்ஸுக்கு ஒரு மான்; அவள் பேரிலும் ஒன்று எடுத்தால், அவள் பங்கு மானையும் தானே சுடலாம். கரும்பு தின்னக் கூலியா? அன்றைக்கே எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது இருவரும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு மேல்சட்டையில் காட்டுப் பரண்மேல் இருந்தார்கள். டெல்மருக்குப் பத்து வயசுப் பையன் மாதிரி இருப்புக் கொள்ளவில்லை. பனியில் ஒரு சருகு நொறுங்கியது. வந்துவிட்டது, அதே கிடா.

"குடு, குடு" என்று காற்றோடு காற்றாகச் சொன்னார்.

"முதல்ல தோளச் சுத்துங்க. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

வாதாட நேரமில்லை. சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது சுற்றில் காதருகே டுமீல் என்றது. கிடா நாலடி ஓடிச் சாய்ந்தது.

"நான் இன்னும் நாலு சுத்துல தயாராயிருப்பேனே, வெர்லா."

"அது வரைக்கும் அது நிக்குமாங்க?"

வயிறு எரிந்தது. ஆனாலும் கீழே இறங்கிப் போய்க் கொம்பைத் தொட்டு எண்ணியபோது பெருமையும் வராமலில்லை. அதற்குள் வெர்லா குண்டுகளைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"முதல் மான் சுட்டவங்க வெறும் துப்பாக்கியோட நடக்கணும், கூட வந்தவங்கதான் மானை இழுக்கணும். அது உங்க வேட்டைக் கூட்டாளிங்க வெச்ச சட்டம்தானே?"

டெல்மர் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு வலது தோளைத் தடவிக் காட்டினார்.

வெர்லா கயிற்றை அவருடைய மறு கையில் கொடுத்தாள்.

"இடது தோளப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."