இடது கன்னத்து வெற்றிலை

“முருகையா, வாயத் தொற. ஸ்டோருக்குள்ள வெத்தல போடக்கூடாதுன்னு தெரியுமில்ல?”

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் கஜேந்திரனின் கையில், யாரோ பெயர் போடாமல் எழுதிய புகார், ஒரு மொட்டைப் பெட்டிசம் இருந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஸ்டோர் என்று சொல்லப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் முருகையா இடது கன்னத்தில் வெற்றிலையை ஒளித்துவைத்து மெல்லுவதாக அது சொன்னது.

முருகையா வெற்றிலையை விட்டு நாலு மாதம். கன்னத்துக்குள் கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து தொடவில்லை. புற்றுநோய்தான் என்று தானே முடிவுகட்டி, யாருக்கும் வாயைக் காட்டாமல் திரிந்தான்.

“இனிப்பு டொபிங்கய்யா” என்றான்.

“டொபியும் தின்னக்கூடாது.”

வீட்டில் மாரியாயி கொதித்தாள். “எந்தப் பாவி எழுதுனானோ! சரி, எனக்காவது வாயக் காட்டுங்களேன்.”

“ஒன்னுமில்லடி. எழுதுனவன் கைய ஒடிக்காம விடமாட்டேன்.”

மகள் மதுஷா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒரு கன்னம் மட்டும் வீங்கியிருப்பதுதானே குற்றம்? மறுநாள் வலது கன்னத்தில் பஞ்சை அடைத்து, இரண்டையும் சமமாக்கிக்கொண்டு முருகையா வேலைக்குப் போனான்.

“நேத்து ஒரு பக்கம். இன்னைக்கு ரெண்டு பக்கமுமா?” என்றார் கஜேந்திரன்.

“பல்லு வலிங்கய்யா.”

“அப்ப வா டிஸ்பென்சரிக்கு.”

அங்கே துப்பச் சொன்னதும் வலது பக்கத்திலிருந்து பஞ்சு வந்தது. இடது பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. டிஸ்பென்சரி ஐயா டோர்ச் அடித்துப் பார்த்தார். கையுறை போட்டு அழுத்திப் பார்த்தார். அதன்பிறகு வெற்றிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. கஜேந்திரனே தன் மோட்டார் சைக்கிளில் அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்.

ஊசி குத்திச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மாரியாயி அவன் முழங்கையை விடவேயில்லை.

“பயப்பிடாதேங்கோ” என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர் நிசாந்தினி. “வாய்க்குள்ள எச்சில் சுரக்கிற சின்னச் சுரப்பிகள் நிறைய இருக்கு. அதில ஒண்டில வந்த கட்டி. கன பேருக்கு வாறதில்லை. வெத்திலையால வந்ததுமில்லை. இப்ப புற்றுநோயும் இல்லை. ஆனா வருசக்கணக்கா விட்டா மாறக்கூடும். முழுசா வெட்டி எடுப்பம்.”

“அப்ப வெத்தல போடலாமா டொக்டர்?”

“அதால புற்றுநோய் வரும். அந்தக் கதையே வேண்டாம்.”

மாரியாயி பிடித்திருந்த முழங்கையிலேயே கிள்ளினாள்.

கட்டியை எடுத்த மூன்றாம் நாள் கஜேந்திரன் வார்டுக்கு வந்தார். பெட்டிசத்தை நீட்டினார். “ஒன் உசுரக் காப்பாத்துன காயிதம். நீயே வச்சுக்க.”

முருகையா தையல் போட்ட வாயோடு மெல்லப் பேசினான். “எழுதிருக்கது முழுக்கப் பொய்யி. ஆனா கைய ஒடிக்கமாட்டேங்கய்யா, கும்புடுவேன். யாருன்னுதான் தெரியல.”

மாரியாயி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள்.

மதுஷா மைலோவை ஆற்றியபடியே சொன்னாள்: “எழுத்து என்னுதுப்பா, கும்புடுறதுன்னா, சொல்லச் சொல்ல எழுத வச்ச அம்மாவக் கும்புடுங்க.”