பசியாறும் வரை பழுதில்லை

"மெசினுக்கு ஒரு கோளாறும் இல்லை லெட்சுமணன். பதினோரு தடவை பார்த்தாச்சு, பதினோரு—"

"பதினோரு தடவையும் காலைல எட்டு மணிக்குப் பாத்தீங்க சார், எண்ண சூடாகாம எப்படி—"

"—தடவையும் ரிப்போர்ட் ஒன்றுதான். பழுதில்லை—"

"—தெரியும்? பதினோரு மணிக்கு வந்து பாருங்கன்னு எட்டு மாசமா—"

"பேசி முடிச்சிட்டீங்களா?"

"நீங்க முடிங்க சார்."

உலகில் பழுது பார்ப்பவர்கள் எத்தனையோ பேர். பழுதைப் பார்க்காமலேயே இயந்திரத்தைக் குணமாக்கும் அருங்கலை கைவரப்பெற்றவர் மேலாளர் தியாகராஜா ஒருவரே. பெக்கான் நானாசுக்கு வெளியே, அன்னாசிக் காட்டுக்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கும் நடுவில் இருந்த அந்த நில மேம்பாட்டு நிறுவனம் அவரைப் பெற என்ன தவம் செய்ததோ. பணிமனை கேண்டீன் பொறுப்பில் இருந்து, தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாவுக்கு அது விளங்கவில்லை. அவள் புல்டோசர் ஓட்டுநர் ஜெயபாலனின் மனைவி. மேலாண்மை படித்தவள் அல்ல.

சண்டைக்குக் காரணமான புல்டோசருக்கு வயது முப்பத்தெட்டு. காலையில் முன்னே போகும், பின்னே வரும், செம்பனைத் தூரைப் பல்லைப் பிடுங்குவது போல் பிடுங்கும். பதினொரு மணி வாக்கில் இஞ்சின் மட்டும் கத்தும், செயின் நகராது. நிழலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் மறுபடி ஓடும்.

"கியர் பாக்ஸ் உள்ள சீல் தேஞ்சு போச்சுக்கா," என்று மெக்கானிக் லெட்சுமணன் அவளிடம் சொல்லியிருந்தார். "காலைல எண்ண கெட்டியா இருக்கும், பிரஷர் நிக்கும். சூடானா தண்ணியா ஓடும், எல்லாம் உள்ளயே கசிஞ்சிரும். சூட்டோட சூடா பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்தா பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

"சார்கிட்ட சொல்றதுதானே?"

"அவர் பச்சப் புள்ள இல்லியே."

சூட்டோடு பார்ப்பதில் நிர்வாகச் சிக்கல் இருந்தது. பத்து மணிக்கு மேல் அதிகாரிகள் வெயிலில் நிற்கக் கூடாது என்று 'அதிகாரிகள் நலச் சுற்றறிக்கை' திட்டவட்டமாகச் சொன்னது. எட்டரைக்குக் கேண்டீனில் பசியாற வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஆனால் அது ஒன்றுதான் ஒரு நாளும் தவறாமல் நடந்தது. ஆகவே மேலாளரின் குழு ஆய்வை எட்டு மணிக்குத் தொடங்கும். இயந்திரம் முன்னே இருபது அடி, பின்னே இருபது அடி. எட்டு இருபதுக்குப் 'பழுதில்லை' என்று கையெழுத்தாகும். அதன் பிறகு குழு தோசையை ஆய்வு செய்யும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

மேலாளர் பார்க்கும்போது ஓடுகிற இயந்திரம் ஜெயபாலன் ஓட்டும்போது நின்றுவிடுகிறது. இதைக் கூர்ந்து ஆராய்ந்த குழு, கோளாறு இருக்கைக்குக் கீழே அல்ல, இருக்கையின் மேலே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது. உடனே ஜெயபாலன் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலுக்கு, மூன்று நாள் 'நேர்மறைச் சிந்தனை முகாமு'க்கு அனுப்பப்பட்டார்.

"என்னாங்க சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவர் வந்ததும் கிருஷ்ணம்மா கேட்டாள்.

"மெசின பாத்து சிரிக்கணுமாம்."

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன். பதினோரு மணி வரைக்கும் அதுவும் சிரிச்சுச்சு."

பயிற்சியின் பலன் மூன்று மணி நேரம் நீடிக்கிறது என்று மனிதவளப் பிரிவு பதிவு செய்துகொண்டது.

இன்று பன்னிரண்டாவது ஆய்வு. மனிதவள அதிகாரி ஷாந்தினி ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, வெறும் வயிற்றோடும் ஒரு கடிதத்தோடும் வந்திருந்தாள். 'ஓட்டும் திறன் இழந்தமையால்' ஜெயபாலன் நாளை முதல் வாசல் காவல் கொட்டகைக்கு மாற்றப்படுகிறார். இருபத்தாறு வருடம் காட்டைத் திருத்திய மனிதர் இனிக் குடையோடு நின்று லாரி நம்பர் எழுத வேண்டும்.

"இவர் கையெழுத்துப் போடணும் சார்," என்றாள் ஷாந்தினி.

"டெஸ்ட் முடியட்டும். பசியாறிட்டு வாங்கிக்கலாம்," என்றார் தியாகராஜா.

கேண்டீன் சன்னலுக்குப் பின்னால் கிருஷ்ணம்மா அதைக் கேட்டாள். கணவரைப் பார்த்தாள். அவர் கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, யாருடைய வீட்டுக் கல்யாணத்துக்கோ அழைப்பில்லாமல் வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவள் குனிந்து அடுப்பை அணைத்தாள்.

"இன்னிக்கு விஞ்ஞான முறைப்படி செய்வோம்," என்று தியாகராஜா அறிவித்தார். "ஆளை மாத்திப் பார்த்தால் காரணம் தெரிஞ்சிடும். ஜெயபாலன், ஒதுங்கி நில்லுங்க. நானே ஓட்டறேன்."

"சார் ஓட்டியிருக்கீங்களா?" என்றார் லெட்சுமணன்.

"கோர்ஸ் போயிருக்கேன்."

ஏறினார். இயந்திரம் கன்றுக்குட்டி போல் அவர் சொன்னபடி நடந்தது. ஷாந்தினி நிறுவனச் செய்திமடலுக்காகப் படம் எடுத்தாள். எட்டரைக்கு அவர் வெற்றியோடு இறங்கி வந்தார்.

"தோசை?"

"கேஸ் முடிஞ்சிருச்சு சார். ஆள் அனுப்பியிருக்கேன். பத்து நிமிஷம்."

"அப்ப இன்னொரு ரவுண்டு," என்று மறுபடி ஏறினார்.

ஒன்பதுக்குச் சட்னிக்குத் தேங்காய் வரவில்லை. ஒன்பதரைக்குக் கேஸ் வந்தது, ஆனால் தோசைக்கல் சூடாகவில்லை. தியாகராஜாவோ சூடாகிவிட்டார். ஒரு தூரைத் தள்ளியவருக்கு இரண்டாவதைத் தள்ளாமல் இருக்க முடியவில்லை. நான்காவதில் கழுத்துப்பட்டையை அவிழ்த்தார். ஏழாவதில் பத்து மணி தாண்டியது. சுற்றறிக்கை அவர் நினைவுக்கே வரவில்லை.

"அக்கா, நெசமாவே கேஸ் இல்லியா?" என்று லெட்சுமணன் சன்னலோரம் வந்து மெல்லக் கேட்டார்.

"நீங்க கேஜ எடுத்து வைங்கண்ணே."

பத்தே முக்காலுக்கு, பதினோராவது தூரில் புல்டோசரின் முன் கத்தியை வைத்ததும் இஞ்சின் வானம் அதிரக் கத்தியது. செயின் நகரவில்லை. தியாகராஜா முன் கியரைப் போட்டார், பின் கியரைப் போட்டார். முகாமுக்குப் போகாதவர் என்பதால் சிரிக்கத் தெரியவில்லை.

"அலமாக், போச்சு," என்றாள் ஷாந்தினி.

லெட்சுமணன் ஓடிப்போய், கியர் பாக்ஸ் மேல் தகட்டைக் கழற்றிக் கேஜை மாட்டினார். முள் பாதிக்கும் கீழே படுத்துக் கிடந்தது.

"பாருங்க சார். எண்ண கொதிக்குது, பிரஷர் இல்ல. சீல் போச்சு. ரெண்டு வாரம் குடுங்க, பிரிச்சு மாத்திடறேன்."

தியாகராஜா இறங்கினார். முகத்தில் கரி, சட்டையில் எண்ணெய். முள்ளைப் பார்த்தார். ஜெயபாலனைப் பார்த்தார். கடைசியில் ஆளில்லாத செம்பனைக் காட்டைப் பார்த்தார். அங்கேதான் பதில் தோன்றியது போலும்.

"ஷாந்தினி, மினிட்ஸ் எழுதுங்க. இயந்திரம் காலை பத்து வரை சிறப்பாக இயங்கியது."

"எழுதிட்டேன் சார்."

"பத்துக்கு மேல் இயக்கியது நடைமுறைக்குப் புறம்பானது. காரணம், கேண்டீனில் பசியாறத் தாமதம். கேண்டீன் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்கப்படும்."

"சார், அப்ப ஜெயபாலன் லெட்டர்?"

"அது அது பாட்டுக்கு இருக்கட்டும். கையெழுத்து வாங்குங்க."

ஷாந்தினி பேனாவை நீட்டினாள்; நீட்டிய கை பாதியில் நின்றது. கிருஷ்ணம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி, கணவருக்கும் பேனாவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் ஏறினா ஆள் கோளாறு. நீங்க ஏறினா தோசை கோளாறு. மெசினுக்கு எப்பதான் சார் கோளாறு வரும்?"